லுவார் பள்ளத்தாக்கில் சாலை மிதிவண்டிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் நடுப்பகுதியில், ஓர்லேயான் நகரத்துக்கும் சோமூர் நகரத்துக்கும் இடையே, லுவார் ஆற்றையும் அதில் வந்து சேரும் ஷேர், ஆந்த்ர், வியென் ஆகிய துணையாறுகளையும் ஒட்டி மிதிவண்டியில் ஊர் ஊராகச் செல்ல விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாளொன்றுக்கு 50 முதல் 80 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, வழியில் இறங்கிப் பார்த்து, மாலையில் ஓர் ஊரில் தங்க நினைப்போரை மனத்தில் வைத்தே எழுதினேன்.

பிரான்சில் எத்தனையோ வட்டாரங்கள் இருக்க, லுவார் பள்ளத்தாக்கை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஏற்றம் குறைவு, ஊர்கள் நெருக்கம், கோட்டைகள் அதைவிட நெருக்கம் என்பதே காரணம். தெற்கில் தோர்தோஞ் ஆற்றங்கரையிலும் பெய்னாக், காஸ்தெல்னோ போன்ற கம்பீரமான கோட்டைகள் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு கோட்டையும் செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்பதால், பயிற்சி இல்லாதவர்களின் கால்கள் இரண்டாம் நாளே தளர்ந்துவிடும். புர்கோஞ் வட்டாரத்தின் கால்வாய்க் கரைகள் மிக எளிதானவை, ஆயினும் கோட்டைக்கும் கோட்டைக்கும் இடையே தொலைவு அதிகம். லுவாரில் இரண்டுக்கும் நடுவான அளவு அமைந்திருக்கிறது.

இத்தனை கோட்டைகள் இங்கே வந்து குவிந்ததற்கு வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது. நூறாண்டுப் போரின்போது, 1420 முதல் 1436 வரை, பாரிஸ் ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஏழாம் சார்ல் மன்னர் பூர்ஜ், ஷினோன், லோஷ் ஆகிய ஊர்களில் தங்கி அரசு நடத்தினார். போர் முடிந்த பின்னும் அவருக்கு அடுத்து வந்த மன்னர்கள் இந்த ஆற்றங்கரையை விட்டு அகலவில்லை. அரசவை எங்கேயோ அங்கேயே நிதி அதிகாரிகளும் பிரபுக்களும் இடம் வாங்கி மாளிகை எழுப்பினார்கள். 1494க்குப் பிறகு இத்தாலியில் நடந்த போர்களுக்குச் சென்று திரும்பிய மன்னர்கள் அந்நாட்டுக் கைவினைஞர்களையும் தோட்டக்கலையையும் உடன் கொண்டுவந்ததால், போருக்கான கோட்டை மெல்ல மெல்ல வாழ்வதற்கான மாளிகையாக மாறியது. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் இங்கே ஓரிரு நாள் ஓட்டத்துக்குள் அடுத்தடுத்துப் பார்க்கலாம். சுல்லி முதல் ஷாலோன் வரையிலான பகுதியை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தனித்தனிக் கட்டடங்களுக்காக மட்டுமின்றி, ஆறும் வயலும் ஊரும் சேர்ந்த நிலக்காட்சி முழுவதற்குமாகவே அந்த அறிவிப்பு வந்தது.

குறியிடப்பட்ட ‘லுவார் ஆ வேலோ’ பாதையை மட்டும் பின்பற்றினால் போதாதா?

நெவேர் நகருக்கு அருகிலிருந்து அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள சன்-ப்ரெவன் வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை நன்றாகப் பராமரிக்கப்படுவது. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை செல்லும் ‘யூரோவேலோ 6’ என்னும் நெடும்பாதையின் ஒரு பகுதி. வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருப்பதால் வரைபடம் இல்லாமலேயே நாள் முழுவதும் ஓட்டலாம். முதன்முறை செல்வோருக்கும் குழந்தைகளுடன் செல்வோருக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆனால் அந்தப் பலகைகளை விட்டு விலகாமல் சென்று திரும்புவோர் இந்த வட்டாரத்தின் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஷெனோன்சோ இருப்பது ஷேர் ஆற்றின் மேல். அஸே-லெ-ரிதோ, லோஷ் இரண்டும் ஆந்த்ர் ஆற்றங்கரையில். ஷினோன் வியென் கரையில். பேரழகு வாய்ந்த சிற்றூர்கள் பலவும் பெரிய ஆற்றை விட்டு ஒதுங்கிய துணைப் பள்ளத்தாக்குகளிலேயே இருக்கின்றன. லுவாரின் கரையிலோ சில இடங்களில் ஒரே உயரக் கரையின் மேல் வளைவின்றி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கும். ஓர்லேயானுக்கும் ப்ளுவாவுக்கும் இடையே சன்-லோரானிலும், ஷினோனுக்கு அருகே அவுவானிலும் அணுமின் நிலையங்களும் கண்ணில் படும். சாலை மிதிவண்டி வைத்திருப்போருக்கு இன்னொரு காரணமும் உண்டு: குறியிட்ட பாதையின் சில பகுதிகள் இறுகிய மணல், சரளை ஆகியவற்றால் ஆனவை. ஆகவே அந்தப் பாதையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து இருபுறமும் பிரிந்து செல்லும் சிறு தார்ச்சாலைகளில் பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுங்கள்.

அந்தச் சிறு சாலைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரான்சில் மாவட்டச் சாலைகள் ‘டி’ என்னும் எழுத்தோடும் ஓர் எண்ணோடும் குறிக்கப்படும். அவற்றின் கிலோமீட்டர் கற்களின் தலை மஞ்சளாக இருக்கும். எல்லா ‘டி’ சாலைகளும் ஒன்றுபோல் இல்லை. லுவாரின் வடகரையில் தூர் நகரிலிருந்து சோமூர் நோக்கி வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் செல்லும் டி 952 பார்வைக்கு மிக அழகானது. ஆனால் குறுகலானது, வேகமான வண்டிகள் நிறைந்தது, ஒதுங்க ஓரமும் இல்லாதது. அதில் மிதிவண்டி ஓட்ட வேண்டாம். தென்கரையில் உள்ள டி 751 சாலையும் நகரங்களுக்கு அருகே நெரிசலானதே.

காகித வரைபடம் வைத்திருப்போருக்கு மிஷ்லான் வரைபடத்தில் வெள்ளை நிறத்தில் வரையப்பட்ட சாலைகளே உரியவை, மஞ்சள் நிறச் சாலைகளைச் சிறு தொலைவுக்கு மட்டும் பயன்படுத்தலாம், சிவப்பைத் தவிர்த்துவிடலாம். சாலையின் ஓரமாகப் பச்சைக் கோடு இட்டிருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள். கைப்பேசிச் செயலிகளில் வழி அமைக்கும்போது ‘சாலை மிதிவண்டி’ என்பதைத் தேர்ந்தால் தார்ச்சாலை கிடைக்கும், ஆனால் சில வேளைகளில் பெரிய சாலையையும் சேர்த்துவிடும். முந்தைய இரவே வழியைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எந்த ஊரைத் தளமாக வைத்துக்கொள்ளலாம்?

ஒரே ஊரில் தங்கித் தினமும் சுற்றி வர நினைத்தால், கிழக்கில் ப்ளுவா, நடுவில் அம்புவாஸ், மேற்கில் அஸே-லெ-ரிதோ அல்லது ஷினோன் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்வேன். தூர் பெரிய நகரம், ரயிலுக்கு வசதியானது, ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் மாலையும் புறநகரைக் கடக்க வேண்டும். நேரம் இருப்பவர்கள் இரண்டு இரவுக்கு ஓர் ஊர் என்று மூன்று ஊர்களில் தங்கினால் கிழக்கு மேற்கு இரண்டையும் நன்றாகப் பார்த்துவிடலாம். கீழே சொல்லியிருக்கும் வழிகள் அந்த மூன்று தளங்களையும் ஒட்டியவை.

ப்ளுவாவிலிருந்து ஷாம்போர் செல்லும் வழி எப்படி?

ப்ளுவாவில் பாலத்தைக் கடந்து தென்கரையை அடைந்து, ஆற்றை ஒட்டிக் கிழக்கே மோன்லிவோ வழியாக சன்-தியே வரை செல்லுங்கள். ஷாம்போர் கட்டப்பட்டபோது கற்கள் படகில் வந்து இறங்கிய துறை இந்த சன்-தியேதான். அதன் கல்பதித்த படித்துறை இன்றும் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் சிறிது தொலைவில் ஷாம்போர் தோட்டத்தின் மதில் வரும். 32 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மதிலுக்குள் 5,440 ஹெக்டேர் காடு அடங்கியிருக்கிறது. வாயிலைக் கடந்து மரங்களுக்கிடையே நேராகச் செல்லும் சாலையில் ஓட்டும்போது, கூரையின் புகைபோக்கிகளும் கோபுரங்களும் திடீரென்று எழும். மிதிவண்டியில் வருவோருக்கே இந்த முதற்காட்சி முழுமையாகக் கிடைக்கிறது, காரில் வருவோர் நிறுத்துமிடத்திலிருந்து பக்கவாட்டில் நடந்து வருகிறார்கள்.

முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் தொடங்கிய இந்த மாளிகையில் அவர் தங்கியது மொத்தத்தில் சில வாரங்களே. நடுவில் உள்ள இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒருவர் ஏறும்போது மற்றொருவர் இறங்கினால், சாளரத் திறப்புகளின் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் எதிரே சந்திக்க மாட்டார்கள். நேரம் குறைவாக இருந்தால் அறைகளை விரைந்து கடந்து கூரைத் தளத்துக்கு ஏறிவிடுங்கள். ஷாம்போரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே, பதினாறாம் நூற்றாண்டு மரச் சந்தைக்கூடம் உள்ள பிராசியே ஊர் வழியாக ஷெவெர்னிக்குச் செல்லலாம். ஷெவெர்னி பதினேழாம் நூற்றாண்டின் கட்டடம். பூரே என்ற இடத்திலிருந்து வெட்டி எடுத்த அதன் கல் காலம் செல்லச் செல்ல வெளுப்பது என்பதால் மாளிகை புதிதாகக் கழுவியதுபோல் இருக்கிறது. கட்டிய குடும்பத்தின் வழிவந்தவர்களே இன்னும் அங்கு வாழ்கிறார்கள் என்பதால், ஷாம்போரின் வெற்று மண்டபங்களுக்குப் பிறகு இங்கே அறைகலன்கள் நிறைந்த வீட்டைப் பார்ப்பது மனத்துக்கு நிறைவு தருகிறது. திரும்பும் வழியில் செலெத் ஊரருகே உள்ள பொர்கார் மாளிகையில் 327 உருவப்படங்கள் கொண்ட நீண்ட கூடம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், சமதளம். இந்த வட்டாரத்தில் ‘ஷாத்தோ ஆ வேலோ’ என்ற பெயரில் தனியாகக் குறியிட்ட சுற்றுப்பாதைகளும் உண்டு.

அம்புவாஸிலிருந்து ஷெனோன்சோவுக்கு மட்டும் சென்று வரலாமா, அல்லது மேலும் செல்ல வேண்டுமா?

ஷெனோன்சோ அம்புவாஸிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். அம்புவாஸ் காட்டின் ஊடாகச் செல்லும்போது ஷான்தெலூ என்னும் இடத்தில் 44 மீட்டர் உயரக் கல்கோபுரம் ஒன்று, சீனப் பாணியில் ஏழு அடுக்குகளாகத் தனித்து நிற்கும். ஷுவாசெல் என்ற அமைச்சர் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டியது. அவர் வாழ்ந்த பெரிய மாளிகை இடிக்கப்பட்டுப் போய்விட்டது.

ஷெனோன்சோவின் வரலாறு பெரும்பாலும் பெண்களின் வரலாறு. இரண்டாம் ஆன்ரி மன்னரின் காதலி தியான் தெ புவாத்தியே ஆற்றின் மேல் பாலம் கட்டினார். மன்னர் இறந்ததும் அரசி கத்ரீன் தெ மெதிசி அவரை வெளியேற்றி, மாற்றாக ஷோமோன் கோட்டையைக் கொடுத்துவிட்டு, அதே பாலத்தின் மேல் நீண்ட கூடத்தை எழுப்பினார். முதல் உலகப் போரில் அந்தக் கூடம் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் அவர்கள் பிடிக்காத பகுதிக்கும் எல்லையாக அமைந்ததால், வடகரைக் கதவில் நுழைந்து தென்கரைக் கதவில் வெளியேறினால் எல்லையைக் கடந்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கூடத்தில் நடப்பது வேறு அனுபவம்.

பெரும்பாலோர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். கால்களில் வலு இருந்தால் திரும்பாதீர்கள். ஷேர் ஆற்றைக் கடந்து தென்கிழக்கே பீடபூமியின் கோதுமை வயல்களுக்கிடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் மோன்த்ரெசோர் வரும். ஆந்த்ருவா என்னும் சிற்றாறு, அதன் மேல் சிறு நடைபாலம், அதற்கும் மேலே கோட்டை. அங்கிருந்து ஆந்த்ருவாவின் போக்கிலேயே ஜெனியே வழியாக இறங்கி, அது ஆந்த்ர் ஆற்றோடு கலக்கும் இடத்தில் தெற்கே திரும்பி, ஷாம்பூர் வழியாக லோஷ் சேரலாம். இந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் வண்டி நடமாட்டம் மிகக் குறைவு. ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் காடு, இடையிடையே பழைய நீர்ச்சக்கர ஆலைகள். இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓட்டலாம் என்றால் நான் தேர்வது இந்த வழிதான். லோஷில் பதினோராம் நூற்றாண்டில் எழுந்த, ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுள்ள கல்கோபுரம் கூரையின்றி நிற்கிறது. மலைமேலுள்ள பழைய ஊர் மாலை வெயிலில் பார்க்க வேண்டிய இடம் என்பதால் இரவு அங்கேயே தங்குவது உசிதம்.

மேற்குப் பகுதியில் ஷினோன், சோமூர் பக்கம் எப்படி?

நான் மிகவும் விரும்பும் பகுதி இதுவே, ஏனெனில் கோட்டைகளுக்கு இடையிலுள்ள ஊர்கள் இங்கே கோட்டைகளுக்கு நிகராகச் சுவையானவை. அஸே-லெ-ரிதோவின் மாளிகை ஆந்த்ர் ஆற்றின் நடுவே ஒரு தீவில் நிற்கிறது. அதைக் கட்டிய ஜில் பெர்த்லோ மன்னரின் நிதி அதிகாரி. முறைகேடு விசாரணை நெருங்கியதும், கட்டி முடிக்காத வீட்டை விட்டு ஓடிப்போனார், மன்னர் அதைப் பறிமுதல் செய்தார்.

அஸேயிலிருந்து கிழக்கே சிறிது தொலைவில் உள்ள சாஷே ஊரின் சதுக்கத்தில், அங்கே வாழ்ந்த சிற்பி கால்டர் உருவாக்கிய அசையும் சிற்பம் காற்றில் சுழல்கிறது. தெற்கே விலேன்-லெ-ரோஷே ஊரில் வில்லோ மரக் கொம்புகளால் கூடை முடையும் கூட்டுறவு 1849இல் ஊர்ப் பாதிரியாரின் முயற்சியால் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கிறது. பாறையில் குடைந்த பட்டறைகளின் ஈரப்பதம் கொம்புகள் காய்ந்து உடையாமல் காக்கிறது என்பதே அந்தத் தொழில் அங்கே வேர்விட்டதற்கு ஒரு காரணம். மேற்கே ரிவாரென் ஊரில் பேரிக்காயை அடுப்பில் உலர்த்தித் தட்டிப் பதப்படுத்தும் பழைய முறையைக் காணலாம்.

அதற்கடுத்து உஸ்ஸே, காட்டின் விளிம்பில் வெண்கோபுரங்களுடன் நிற்கும் இந்தக் கோட்டையைத்தான் உறங்கும் அழகியின் கதையோடு இணைத்துச் சொல்வார்கள். காட்டைக் கடந்து தெற்கே இறங்கினால் ஷினோன். ஆர்க்கின் ழான் (ஜோன் ஆஃப் ஆர்க்) 1429இல் பின்னாளைய ஏழாம் சார்ல் மன்னரை முதன்முதலாகச் சந்தித்தது இங்கேதான். அதற்கும் முன்பு, 1189இல், இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி உயிர்விட்டதும் இங்கேதான்.

ஷினோனிலிருந்து வியென் ஆற்றை ஒட்டி மேற்கே சென்றால், அது லுவாரோடு கலக்கும் இடத்தில் காந்த்-சன்-மார்த்தன் இருக்கிறது. தேவாலயத்துக்குப் பின்னால் ஏறும் சந்து மிகச் செங்குத்தானது. வண்டியைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறி, இரண்டு ஆறுகளும் வேறுவேறு நிறத்தில் சேர்வதைப் பாருங்கள். அதை ஒட்டியே மோன்சோரோ. அங்கிருந்து தெற்கே 5 கிலோமீட்டர் ஏறினால் ஃபோந்த்வ்ரோ துறவிமடம். இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலெயனோர், மகன் ரிச்சர்ட் ஆகியோரின் கல்லறைச் சிலைகள் அங்கே உள்ளன. நெப்போலியன் காலத்தில் சிறையாக்கப்பட்ட அந்த மடம் 1963 வரை சிறையாகவே இருந்தது.

மோன்சோரோவிலிருந்து சோமூருக்கு ஆற்றோரப் பெருஞ்சாலையில் செல்லாமல், மேலே திராட்சைத் தோட்டங்களை ஒட்டித் துர்கான், பார்னே, சூசே வழியாகச் செல்லுங்கள். துஃபோ என்ற இளஞ்சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்த குகைகளில் மக்கள் குடியிருந்தார்கள், திராட்சை மது வைத்தார்கள், காளான் வளர்த்தார்கள். சூசேயில் வழியின் ஒரு பகுதி பாறைக்குள்ளேயே செல்லும் தெருவாக இருக்கிறது. கோட்டைகளைக் கட்டிய கல் எங்கிருந்து வந்தது என்பதை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளில் எத்தனை கோட்டைகளைப் பார்க்க முடியும்?

உள்ளே சென்று பார்ப்பதற்கு ஒன்று போதும், இரண்டு மேல் எல்லை. மூன்றாவதன் அறைகள் எதுவும் நினைவில் நிற்காது, கட்டணமும் ஓட்டும் நேரமும் வீணாகும். மற்றவற்றை வெளியிலிருந்து பார்த்து, ஆற்றங்கரையில் அமர்ந்து உணவருந்திவிட்டுப் புறப்படலாம். தூருக்கு மேற்கே உள்ள வில்லாந்திரி மாளிகையில் தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு. ஸ்பெயினிலிருந்து வந்த மருத்துவர் கார்வாயோ 1906இல் வாங்கி மீட்டெடுத்த அந்தக் காய்கறித் தோட்டமே அங்கு முதன்மையானது.

ஏற்றங்கள் கடினமாக இருக்குமா?

இருக்காது. ஆற்றங்கரையிலிருந்து பீடபூமிக்கு ஏறுவது பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர் உயரம்தான். ஆனால் குறுகிய தொலைவில் ஏறுவதால் சிறிய கியர் வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து முறை பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும்படி வழி அமைத்தால் களைப்பு சேரும். உண்மையான குன்று ஏற வேண்டும் என்று விரும்புவோர் கிழக்கே சான்செர் வரை செல்லலாம்.

இங்கே ஏற்றத்தைவிடக் காற்றையே கணக்கில் கொள்ள வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்று அடிக்கடி வீசும் என்பதால், ஆற்றின் போக்கில் கடல் நோக்கிச் செல்வோர்தான் எதிர்காற்றைச் சந்திக்கிறார்கள். ஒரே திசையில் செல்லும் பயணமாக இருந்தால் சோமூரில் தொடங்கிக் கிழக்கு நோக்கி வருவது புத்திசாலித்தனம். சுற்றி வரும் வழியாக இருந்தால் காலையில் எதிர்காற்றில் சென்று, மாலையில் காற்று முதுகில் தள்ள வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்றும் மிக நல்லவை. ஜூனில் இரவு 9 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். ரோஜாக்கள் வீட்டுச் சுவர்களில் ஏறிப் பூத்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி வயல்கள் அழகானவை, ஆனால் கூட்டமும் வெப்பமும் மிகுதி. செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் மரபுச் சின்ன நாள்கள் கொண்டாடப்படும்போது, வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல தனியார் மாளிகைகளும் திறந்திருக்கும். அக்டோபர் முதல், ப்ளுவாவுக்குத் தெற்கே உள்ள சொலோஞ் காட்டுப் பகுதியில் வேட்டை நடப்பதால், காட்டுச் சாலைகளில் பளிச்சென்ற நிற உடை அணிவது அவசியம். குளிர்காலத்தில் ஆறு பெருகிச் சில தாழ்வான பாதைகள் மூழ்குவதுண்டு.

எந்த வகை வண்டியும் டயரும் தேவை?

சாலை மிதிவண்டியே போதும். டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 என்றால் சரளைப் பாதையிலும் கவலையில்லை. வண்டி கொண்டுவராதவர்கள் ப்ளுவா, அம்புவாஸ், தூர், சோமூர் போன்ற ஊர்களில் வாடகைக்கு எடுக்கலாம். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் திருப்பித் தரும் வசதியும் உண்டு. வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சுற்றுலா வண்டிகளும் மின்வண்டிகளும்தான். மெல்லிய சாலை மிதிவண்டி வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

ரயிலில் மிதிவண்டியை ஏற்றலாமா?

ஏற்றலாம், அதுவே இந்த வட்டாரத்தின் பெரிய வசதி. பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஓர்லேயான், ப்ளுவா செல்லும் வட்டார ரயில்களில் வண்டிக்கு இடம் உண்டு. ஓர்லேயான், ப்ளுவா, அம்புவாஸ், தூர், லாஞ்ஜே, சோமூர், ஆன்ஜே ஆகியவை ஒரே ஆற்றோர ரயில் வழியில் அடுத்தடுத்து வருவதால், களைத்துப்போனாலோ மழை பிடித்துக்கொண்டாலோ எங்கிருந்தும் திரும்பிவிடலாம். ஷெனோன்சோவுக்குக் கோட்டை வாயிலருகிலேயே நிலையம் இருக்கிறது. அஸே, ஷினோன் இரண்டும் தூரிலிருந்து பிரியும் கிளைப்பாதையில் உள்ளன. கோடையில் மிதிவண்டிகளுக்கென்றே கூடுதல் இடம் ஒதுக்கிய ரயில்கள் ஓர்லேயானுக்கும் நாந்துக்கும் இடையே ஓடுகின்றன. அதிவேக ரயிலில் செல்வதாக இருந்தால் வண்டிக்கு முன்பதிவு உண்டா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் கழற்றிப் பையில் வைக்க வேண்டும்.

சாலை விதிகளில் தெரிந்திருக்க வேண்டியவை எவை?

வண்டிகள் வலப்பக்கம் செல்லும் நாடு என்பதை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர் முதல் இரண்டு நாள் திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொள்ள வேண்டும். குறிப்பாக, சிற்றூரில் ஓய்வெடுத்துவிட்டு ஆளில்லாத சாலையில் மீண்டும் ஏறும் கணத்தில்தான் கை தானாக இடப்பக்கம் திரும்பும். அதைவிட முக்கியமானது, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்னும் விதி. ஊருக்குள் ஒரு சிறு சந்திலிருந்து கார் தயங்காமல் வெளியே வந்தால் அவர் தவறு செய்யவில்லை; நீங்கள்தான் நிற்க வேண்டும். மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை உள்ள சாலையில் முன்னுரிமை உங்களுக்கு.

12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தலைக்கவசம் 2017 முதல் கட்டாயம்; மற்றவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் அணிய வேண்டும் என்றே சொல்வேன். மணி, முன்னும் பின்னும் விளக்கு, ஒளி எதிரொளிப்பான்கள் தேவை. இரவிலோ மங்கலான வெளிச்சத்திலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். காதில் காதொலிப்பான் (இயர்போன்) வைத்து ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. மது அருந்திய நிலையில் ஓட்டுவதற்கான வரம்பு மிதிவண்டிக்கும் பொருந்தும். திராட்சைத் தோட்டங்களில் சுவைத்துப் பார்க்க நினைப்போர் அதை நாளின் இறுதிக்கு ஒதுக்கிவைக்கட்டும். கார் ஓட்டுநர்கள் ஊருக்கு வெளியே மிதிவண்டியிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகிக் கடக்க வேண்டும் என்பது சட்டம். சிறு சாலைகளில் பெரும்பாலோர் பொறுமையாகப் பின்னால் காத்திருந்தே கடக்கிறார்கள்.

வழியில் உணவும் தண்ணீரும் கிடைக்குமா? சைவ உணவு உண்போர் என்ன செய்வது?

கிடைக்கும், ஆனால் நேரத்தை அறிந்திருக்க வேண்டும். சிற்றூர் உணவகங்கள் நண்பகல் முதல் 2 மணி வரைதான் மதிய உணவு தரும். 2 மணிக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டால் வேண்டிக் கேட்டும் பயனில்லை. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகவே காலையில் முதலில் கண்ணில் படும் ரொட்டிக்கடையில் ரொட்டியும், பக்கத்துக் கடையில் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். ஆட்டுப்பால் கட்டிக்குப் பேர்போன வட்டாரம் இது: நடுவில் வைக்கோல் தண்டு செருகிய நீளமான சென்ட்-மோர், தலை வெட்டிய பிரமிடு வடிவ வாலான்சே, சாம்பல் பூசிய செல்-சுர்-ஷேர் ஆகியவை வழியிலுள்ள ஊர்களின் பெயர்களையே தாங்கியவை. கண்டிப்பான சைவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: மரபு முறையில் செய்யும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது.

சோமூர், ஷினோன் பக்கம் குகை உணவகங்களில் ஃபுவே என்னும் சிறு ரொட்டி கிடைக்கும். விறகடுப்பில் பூரிபோல உப்பி வருவதைக் கீறி, வெள்ளை அவரைக் கூட்டோ காளானோ வைத்துச் சூடாகத் தருவார்கள். சைவத்துக்கு இதைவிடப் பொருத்தமானது அங்கே இல்லை. பாலாடைக்கட்டிக் காய்கறிக்கலவை கேட்கும்போது பன்றி இறைச்சித் துண்டுகள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பாரிஸ் வழியாக வருவோர் லா ஷாப்பெல் பகுதியின் தமிழ்க் கடைகளில் பொடி, ஊறுகாய், உலர்தின்பண்டம் எதையாவது வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் தீர்ந்தால் ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். வாயிலருகே பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்று அறிவிப்பு இருந்தால் மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

தங்குமிடத்தில் வண்டி பத்திரமாக இருக்குமா?

‘அக்கேய் வேலோ’ என்னும் சின்னம் பொருத்திய விடுதிகள், குறியிட்ட மிதிவண்டிப் பாதைகளிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அமைந்தவை. பூட்டி வைக்கக் கூடிய இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் தர வேண்டும் என்பது அச்சின்னத்தின் நிபந்தனை. வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடும் பண்ணை வீடுகளிலும் கொட்டகை இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம்.

கோட்டையைப் பார்க்கும்போது வண்டியையும் பைகளையும் என்ன செய்வது?

பெரிய கோட்டைகளின் வாயிலருகே மிதிவண்டி நிறுத்துமிடம் உண்டு. சிலவற்றில் பைகளை வைக்கப் பூட்டறைகளும் உள்ளன. கனமான பூட்டு ஒன்றைச் சட்டகத்தோடும் பின்சக்கரத்தோடும் சேர்த்து மாட்டுங்கள். கடவுச்சீட்டு, பணம், கைப்பேசி ஆகியவை கைப்பையில் உங்களோடு வரட்டும். பெடலில் மாட்டும் உலோகப் பூண் வைத்த காலணியோடு பழைய மரத்தளங்களிலும் தேய்ந்த கல்படிகளிலும் நடப்பது தளத்துக்கும் கேடு, வழுக்கி விழும் அபாயமும் உண்டு. ஆகவே மெல்லிய செருப்பு ஒரு சோடி பையில் இருப்பது நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் முன்பே, கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்துவிடும்படி அன்றைய ஓட்டத்தைத் தொடங்கினால், ஷாம்போரின் படிக்கட்டிலும் ஷெனோன்சோவின் கூடத்திலும் சிறிது நேரம் அமைதியாக நிற்க முடியும்.